சாப்பிட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுங்கள்

1

இன்றைக்கு எங்கள் வீட்டில் இட்லி. இதில் என்ன பெருமை என்று காரைக்காலில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். சைகோனுக்கு வந்து பாருங்கள், தெரியும். உளுந்து கப்பலில் வர வேண்டும். வந்தது கடைத்தெருவில் இறங்கும்போது அங்கே நாம் நிற்க வேண்டும். அரைக்கிற கல்லை ஊரிலிருந்து சுமந்து வந்தவர்கள் இங்கே இரண்டே வீட்டார். அதில் ஒரு வீடு எங்களுடையது. அந்தக் கல்லுக்குக் கப்பல்காரன் தகராறு செய்ததும், என் மனைவி தையல்நாயகி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றதும் தனிக் கதை.

இந்த இட்லி எங்களுக்காக மட்டும் அல்ல. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த ஊரில் இருக்கிற நம்மவர்கள் பிரெஞ்சு ஆஸ்பத்திரியில் போய் ரத்தம் கொடுக்கிறோம். அதற்கு முன்னால் எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும். இது மூன்றாவது வருஷம். கூடத்தில் பாய் போட இடம் போதாமல் மாடிப்படிகளிலும் இலை போட்டிருக்கிறது.

என் மூத்தவன் சேகர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். இந்தச் சந்தடிக்கு நடுவே இட்லியை நூக்மாம் என்கிற இந்த ஊர் மீன்சாற்றில் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறான். கேட்டால் சட்னி காரமாம். சின்னவள் கமலாவோ தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள், பிரெஞ்சில் கேட்டால் எங்கள் வேலைக்காரியின் வியத்நாம் பேச்சில் பதில் சொல்கிறாள். மூன்றிலும் அவள் சொல்வது 'மாட்டேன்' என்பதுதான். பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்களே என்று நான் அடிக்கடி கவலைப்படுவேன். இன்று அப்படி இல்லை. இன்று எனக்குக் கர்வம். அதன் காரணத்தை ஊரில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2

கமலா பிறந்த நாளன்று தையலை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. வாசலில் நின்ற எனக்கு உயிர் வந்தது. அடுத்த கணம் உள்ளேயிருந்து கன்னியாஸ்திரீ ஒருத்தி ஓடினாள். இன்னொருத்தி ஓடினாள். அவர்கள் கையில் இருந்த துணிகளெல்லாம் சிவப்பு. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லையாம்.

அப்போது ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்தார்கள். உள்ளே வெறும் பொடி. அதில் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டுக் கலக்கினார்கள். விதைநெல் ஊறவைத்த தண்ணீரின் நிறத்தில் கரைந்தது. அதைக் கம்பியில் தொங்கவிட்டுத் தையலின் கையில் ஏற்றினார்கள். ஒன்று முடிந்து இன்னொன்று. மதியத்துக்கு மேல் அவள் கண்ணைத் திறந்து, "பிள்ளைக்கு எது வச்சீங்க போத்த?" என்று கேட்டாள். நான் வாய்விட்டு அழுதேன்.

அந்தப் பொடிக்குப் பிளாஸ்மா என்று பெயர். ரத்தத்தைத் தெளியவைத்தால் சிவப்பு அடியில் தங்கும், மேலே மஞ்சளாக நீர் நிற்கும். அந்த நீரைத்தான் உலர்த்திப் பொடியாக்கிப் பிரான்சிலிருந்து அனுப்புகிறார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பிரசவ வார்டைப் பார்த்துக்கொள்ளும் மூத்த கன்னியாஸ்திரீ. அவரை எல்லோரும் மசேர் என்று கூப்பிடுவார்கள். பிரெஞ்சில் சகோதரி என்று பொருள்.

"கொடுத்தவர் யார்? ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா?" என்று கேட்டேன்.

மசேர் சிரித்தார். "ஒருவர் அல்ல. பலபேருடையது இதில் கலந்திருக்கும். யாருக்குப் போனது என்று அவர்களுக்கும் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் தையலிடம் இதைச் சொன்னேன். அவள் ஊசி ஏறிய கையைத் தடவிப் பார்த்தாள். "முகம் தெரியாத எத்தனை பேர் சேர்ந்து என்னை எழுப்பி உக்கார வச்சிருக்காங்க! நாம வாங்கிக்கிட்டுச் சும்மா இருந்துடலாமாங்க?" என்றாள். தானே கொடுக்கப் போவதாக டாக்டரிடம் கேட்கவும் செய்தாள். உன் உடம்புக்கு இனி எந்தக் காலத்திலும் அது கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அவள் என்னிடம், "அப்ப நீங்க குடுங்க" என்றாள். கெஞ்சவில்லை, உத்தரவு போடவும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை நான் நிறைவேற்றுகிற வரைக்கும் அவள் மனம் ஆறாது என்று எனக்குத் தெரிந்தது.

3

கொடுக்கலாம் என்று போனால் வாங்க ஆள் வேண்டுமே. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் மூன்று ஜன்னல். முதல் ஜன்னலில் எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டார்கள். காகிதத்தில் பிரெஞ்சு என்று இருக்கிறது. முகத்தில் இந்தியன் என்று இருக்கிறது. பிறந்த ஊர் காரைக்கால் என்றதும், "அந்த ஊரில்தான் கொடி மாறிவிட்டதே, இப்போது நீ யாருடைய ஆள்?" என்று கேட்டு இரண்டாவது ஜன்னலுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது ஜன்னல் மூன்றாவதற்கு அனுப்பியது. மூன்றாவது ஜன்னல் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது. என் ரத்தம் எந்த அரசாங்கத்தைச் சேர்ந்தது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

கடைசியில் மசேர்தான் ரத்தப் பிரிவின் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் உயரமான மனிதர், சிடுமூஞ்சி. ஒற்றை ஆளுக்காகப் படுக்கை விரிக்க முடியாது, பத்துப் பன்னிரண்டு பேராவது சேர்ந்து வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குகிறேன் என்றார்.

ஆள் சேர்ப்பதற்கு நான் முதலில் போனது மரைக்காயர் கடைக்கு. திருமலைராயன்பட்டினத்துக்காரர், இங்கே பெரிய ஜவுளிக்கடை, வயதிலும் பெரியவர். அவர் கடை வாசலில் சாயங்காலம் நம்மவர்கள் எல்லோரும் கூடுவார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் ஆளுக்கு ஒரு பேச்சு. ரத்தம் கொடுத்தால் பார்வை மங்கும் என்றார் ஒருவர். பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்றார் இன்னொருவர். நெடுங்காட்டுச் சிங்காரம், மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்கிறவர், "கறக்கிறதுன்னா பாலைக் கறக்கலாம். ஆளைக் கறக்கலாமாங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் காரியம் அந்தச் சிரிப்போடு முடிந்தது என்று நினைத்தேன்.

மரைக்காயர் சிரிக்கவில்லை. "சிங்காரம், நம்ம காரைக்கால் மாங்கனித் திருவிழாவை நான் சின்ன வயசுலேருந்து பாக்குறேன். சாமி வர்றப்ப மாடியில நின்னு கூடை கூடையா மாம்பழத்தை எறியிறீங்களே, கீழே யாரு புடிக்கிறான்னு என்னைக்காவது எட்டிப் பாத்திருக்கீங்களா?"

"அது வேண்டுதலுங்க, மரைக்காயரே."

"எங்க மார்க்கத்துல அந்தத் தர்மத்துக்குச் சதக்கான்னு பேரு. பேருதான் வேற. தம்பி கலியபெருமாள், என் பேரை எழுதிக்குங்க" என்று என் பக்கம் திரும்பினார்.

அதற்குமேல் யார் பின்வாங்குவார்கள்? ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. சிங்காரமும் சேர்ந்தார். காரைக்கால்காரனுக்குக் கொடுப்பதில் என்றும் குறை கிடையாது என்று அன்று தையலிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

4

அந்த முதல் ஞாயிறை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

ஒவ்வொருவரும் வந்த அழகைப் பார்க்க வேண்டும். தலை முழுகி, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு நம் பிள்ளைகள். தொப்பியும் புதுச்சட்டையுமாக மரைக்காயரும் அவர் கடை ஆட்களும். கல்யாணக் கூட்டமோ என்று வார்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரிய டாக்டர்கூடக் கொஞ்சம் இளகினார். நான் மொழிபெயர்ப்பவன் என்பதால் கடைசி ஆளாகப் படுப்பது என்று ஏற்பாடு.

சிங்காரம் முதல் ஆள். சிரித்துக்கொண்டே கொடுத்தார். முடிந்ததும் மசேர் ரொட்டிக்குள் பன்றிக்கறி வைத்து ஒரு தட்டும், ஒரு கிண்ணம் சிவப்பு ஒயினும் நீட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் ரத்தம் கொடுத்ததும் அதைச் சாப்பிட்டு, குடித்து, பாட்டுப் பாடிக்கொண்டு போவார்களாம். சிங்காரம் கையெடுத்துக் கும்பிட்டார். வேறு ரொட்டி, காப்பி என்று கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் கும்பிடு. "குடுத்த எடத்துல கை நனைச்சா அது கூலியாயிடும்னு சொல்லுங்க" என்று என்னிடம் கம்பீரமாகச் சொல்லிவிட்டு எழுந்தார். நாலு எட்டு வைத்தார். வெட்டிய வாழையாகச் சாய்ந்தார்.

அவரைத் தூக்கிக் கிடத்துவதற்குள் மரைக்காயர் கடைக் கணக்கர் சாய்ந்தார். அவருக்குத் தண்ணீர் தெளிக்கப் போனவர், அவரும் அப்போதுதான் கொடுத்து எழுந்தவர், அவர்மேலேயே விழுந்தார். மரைக்காயர் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு விழாமல் நின்றார். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் கையைத் தட்டி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

"முசியே, உங்கள் ஆட்களின் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் இவர்களிடம் கொடுப்பதற்கு ரத்தம் இல்லை. தங்களுக்கே போதாதவர்களிடம் நான் எடுக்க மாட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. இரக்கப்பட்டார். நம் ஊர் நெல்லைத் தின்று வளர்ந்த உடம்புகளைப் பார்த்து ஒருவர் இரக்கப்படுவதா? அதை நான் தமிழில் சொல்ல மாட்டேன் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். விழுந்தவர்களைத் தாங்கிக்கொண்டு வெளியே நடந்தோம். என் முறை வரவே இல்லை.

5

வீட்டில் தையல் எல்லாவற்றையும் கேட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி இது: "காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"போய்க் கேட்டுட்டு வாங்க."

கேட்டேன். ஒருவர்கூட ஒரு வாய் தண்ணீரும் குடித்திருக்கவில்லை! பேசி வைத்துக்கொண்டதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாமாகவே செய்தது. தானம் கொடுக்கப் போகிறவன் வயிறு முட்டத் தின்றுவிட்டா போவான்? நம்மவர்கள் குளித்து, பட்டினி இருந்து, சுத்தமாகப் போயிருக்கிறார்கள். மரைக்காயர் வகையில் நோன்பே வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இது கனவிலும் தோன்றியிருக்காது. நமக்கோ இதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ரத்தம் இல்லாமல் யாரும் விழவில்லை. பக்தி கூடிப்போய் விழுந்தார்கள்.

மசேரிடம் ஓடினேன். அவர் என்னையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு, நம்பியும் நம்பாமலும், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொன்னார். "ஆனால் ஒருவர் விழுந்தாலும் அதோடு சரி. உங்கள் கூட்டம் இனி இந்தப் பக்கம் வரக் கூடாது."

சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொன்னால் முடிந்ததல்லவா என்று நினைப்பீர்கள். முடியவில்லை. சிங்காரம் பிடிவாதமாக இருந்தார். தின்றுவிட்டுக் கொடுத்தால் அதில் புண்ணியம் ஏது என்றார். மற்றவர்களும் அவர் பக்கம் தலையாட்டினார்கள். அப்போதுதான் தையல் மரைக்காயர் கடை வாசலுக்கே வந்தாள். ஆண்கள் கூட்டத்தில் அவள் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

"அண்ணே, என்னால ரத்தம் குடுக்க முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை உங்க எல்லாருக்கும் எங்க வீட்டுல சோறு போடணும்னு நான் வேண்டிக்கிட்டிருக்கேன். நீங்க சாப்பிடுறது என்னோட தர்மம். அப்புறம் நீங்க போய்க் குடுக்கிறது உங்களோட தர்மம். பட்டினியாத்தான் போவேன்னா, என் தர்மத்தை மிதிச்சுட்டுப் போங்க."

சிங்காரம் தலையைச் சொறிந்தார். "அப்படி ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

மரைக்காயர், "ஆத்தாடி, இது தெரியாம எத்தனை வருஷமா யாவாரம் பண்றேன்!" என்றார். மதியச் சாப்பாடு தன் செலவு என்று அப்போதே சொன்னார். ரத்தம் கொடுப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி தருகிற சிறு சன்மானப் பணத்தைப் பிள்ளைகள் வார்டுப் பாலுக்கு விட்டுவிடுவது என்றும் அன்றே முடிவாயிற்று.

இந்த இடத்தில் ஊரில் இருக்கிற உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பூவத்திலும் பட்டினத்திலும் மண்டபத்தூரிலும் பிரசவத்துக்குப் படுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். கடலிலும் வயலிலும் அடிபடுகிற ஆண்கள் இருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்றால் சொந்தக்காரர்களே கொல்லைப்பக்கமாக நழுவுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுக்கிற ஊர் அல்லவா நம்முடையது? ஒரு புட்டி ரத்தம் கொடுத்தால் நல்ல உடம்பில் மறுபடியும் ஊறிவிடும். என் தையல் இன்று நடமாடுகிறாள் என்றால் முகம் தெரியாத யாரோ கையை நீட்டியதனால்தான். நீங்களும் கையை நீட்டுங்கள். கொடுக்க முடியாதவர்கள் கொடுப்பவர்களுக்குச் சோறு போடுங்கள். பட்டினியாக மட்டும் போகாதீர்கள்.

6

இரண்டாவது ஞாயிறு. அக்கம்பக்கத்து வியத்நாம் பெண்கள் வேடிக்கை பார்க்க, எங்கள் கூடத்தில் பந்தி. நான்தான் பரிமாறினேன். "இன்னும் ரெண்டு, மரைக்காயரே, உங்களை நம்பித்தான் இருக்கேன்" என்று ஒவ்வொரு இலைக்கும் ஓடினேன். சிங்காரம் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அவருடைய புண்ணியத்தைப் பற்றி எனக்கிருந்த கவலை தீர்ந்தது. எல்லோரையும் சிக்ளோ என்கிற இந்த ஊர் மூன்று சக்கர மிதிவண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மசேர் வாசலிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: இன்று காலையில் சாப்பிட்டீர்களா? நான் தமிழில் கேட்பேன். "ஆச்சுங்க" என்பார்கள். உள்ளே போவார்கள். படுப்பார்கள், கொடுப்பார்கள், எழுந்து மரைக்காயர் அனுப்பிய இளநீரைக் குடிப்பார்கள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் காலையும் பார்த்தபடி நின்றார். ஒருவர் கால்கூடப் பின்னவில்லை.

கடைசியில் என் முறை. சட்டைக்கையை மடித்துக்கொண்டு போனேன். இத்தனை நாள் காத்திருந்த நேரம் இது. மசேர் என்னிடமும் கேட்டார்: "நீங்கள் சாப்பிட்டீர்களா?"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. விருந்து போடுகிறவன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். கடைசிப் பந்தி எழுந்ததும் வண்டி வந்துவிட்டது. நான் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

ஆச்சு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என் தையலுக்காக நான் கொடுக்க வேண்டியது அல்லவா அது! ஆனால் நான் சாய்ந்தால் என்னோடு போகாது. உள்ளே நிமிர்ந்து நிற்கிற அத்தனை பேரும் என்னோடு சேர்ந்து சாய்வார்கள்.

"இல்லை" என்றேன். சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். கண்ணில் நீர் முட்டியது. மறைக்கவில்லை.

சற்று நேரத்தில் தையல் வந்தாள். இடுப்பில் கமலா, கையில் மிச்ச இட்லி இருந்த தூக்கு. என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், "யாராவது விழுந்துட்டாங்களா?" என்றாள்.

"யாரும் விழல. நான் குடுக்கல. காலையில சாப்பிடாமயே வந்துட்டேன்."

ஏமாந்துபோவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். "நானும்தான் சாப்பிடல. அடுத்த தடவை குடுப்பீங்க. இப்ப எடுத்துக்குங்க" என்றாள். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஆறிப்போன இட்லியைத் தின்றோம்.

எங்களைக் கடந்து நம்மவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மடித்த முழங்கையில் பஞ்சு. நிமிர்ந்த முதுகு. கணக்கர் வேண்டுமென்றே இரண்டு படியாகத் தாண்டிக் குதித்தார். சிங்காரம் மாப்பிள்ளை மாதிரி நடந்தார். மரைக்காயர் என் தோளைத் தொட்டு, "அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் நின்னுட்டோம் தம்பி" என்றார். உள்ளே வரிசையாக நின்ற புட்டிகளில் என் ரத்தம் ஒரு சொட்டு இல்லை. இருந்தும் என் வாழ்நாளில் அதைவிடப் பெருமையாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

பெரிய டாக்டர் கடைசியாக வெளியே வந்தார். எங்கள் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். "முசியே, அடுத்த முறை எத்தனை பேரைக் கூட்டிவருவீர்கள்?"

நான் மனசுக்குள் ஆள் கணக்குப் போடுவதற்குள், என்ன கேட்கிறார் என்று தையல் முழங்கையால் இடித்தாள். சொன்னேன். அவள் விரலில் ஒட்டியிருந்த சட்னியை வழித்துவிட்டு, எழுந்து நின்று அவரை நேராகப் பார்த்தாள்.

"எத்தனை பேரு வேணும்னு அவரைக் கேளுங்க. அத்தனை பேருக்கும் மாவு அரைக்கிறேன்."